பெயர் வேண்டாத இருவர்

ஓர் எழுத்தாளரை நேசிக்கிறவர் அவருடைய ஊருக்குப் போனால் இரண்டு இடங்களை விசாரிப்பார். வாழ்ந்த வீடு எது, அடக்கம் செய்த இடம் எது? வீட்டில் மேசையும் மூக்குக்கண்ணாடியும் இருக்கும். கல்லறையில் பெயரும் ஆண்டும் இருக்கும். இந்த எதிர்பார்ப்புக்கு எளிதில் பிடிகொடுக்காத இரண்டு இடங்களை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, துலா நகருக்கு அருகில் டால்ஸ்டாயின் யாஸ்னயா போல்யானா. மற்றொன்று, ரோம் நகரின் ஸ்பானியச் சதுக்கத்தில் கீட்ஸ் இறந்த அறையும், செஸ்டியஸ் பிரமிடை ஒட்டி அவர் புதைக்கப்பட்ட, கத்தோலிக்கர் அல்லாதோருக்கான கல்லறைத் தோட்டமும். ஒருவர் 82 வயதில், உலகமே தந்திக்குக் காத்திருக்க, கண்ணை மூடியவர். மற்றவர் 25 வயதில், தம் கவிதை தோற்றுவிட்டது என்று நம்பியபடி இறந்தவர். இருவரையும் சேர்த்துப் பேச முதற்பார்வையில் நியாயம் எதுவும் தென்படாது. ஆயினும் இரண்டு கல்லறைகளிலும் இறந்தவரின் பெயர் கிடையாது. இரண்டு இடத்திலும் பெயரை விலக்கியவர் இறந்தவரேதான்.

யாஸ்னயா போல்யானாவில் வீட்டிலிருந்து மரங்களுக்கிடையே நடந்தால், பழைய காட்டில் ஓர் ஓடைப்பள்ளத்தின் விளிம்பில் அந்த மண்மேடு வரும். சவப்பெட்டியின் நீள அகலத்தில், புல் போர்த்திய மேடு. சிலுவை, கல், எழுத்து என எதுவும் இல்லை. 1901இல் திருச்சபை அவரை விலக்கியிருந்ததால் 1910 நவம்பரில் பாதிரியார் இல்லாமலேயே அடக்கம் நடந்தது. சிலுவை இல்லாததற்கு அந்த விலக்கலைக் காரணம் காட்டிவிட முடியாது. 1895ஆம் ஆண்டு நாட்குறிப்பிலேயே, ஏழைகளைப் புதைப்பதுபோல் மலிவான பெட்டியில் புதையுங்கள், மலரும் மலர்வளையமும் உரைகளும் வேண்டாம் என்று எழுதிவைத்தவர் அவர். 1908இல் இடத்தையும் குறிப்பிட்டார்: அந்தப் பள்ளத்தருகே, மரப்பெட்டியில், சடங்கின்றி.

ரோமில் கல் இருக்கிறது; எழுத்தும் ஏராளம். நரம்புகளில் பாதி அறுந்த யாழ் ஒன்று மேலே செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழ், இளம் ஆங்கிலக் கவிஞர் ஒருவர் பகைவர்களின் வன்மத்தால் மனம் கசந்து, மரணப்படுக்கையில் இந்தச் சொற்களைப் பொறிக்கச் சொன்னார் என்று நீண்ட முன்னுரை. அதற்கும் கீழேதான் கீட்ஸ் கேட்ட அந்த ஒற்றை வரி, தம் பெயர் நீரில் எழுதப்பட்டது என்ற பொருளில். அவர் கேட்டது அது மட்டும். மற்றதெல்லாம் நண்பர்களான ஜோசப் செவர்னும் சார்லஸ் பிரவுனும் சேர்த்தவை. யாழ் செவர்னுடையது, கசப்பு பெரும்பாலும் பிரவுனுடையது. கல்லில் உள்ள தேதிகூட 24 பிப்ரவரி 1821. நாம் அறிந்த இறப்புநாள் 23. அது இரவு நேர மரணம். நாளைக் கணக்கிடும் அக்கால ரோமானிய வழக்கு வேறு.

ஆக, ஒரு கல்லறையில் சொற்படி நடந்தார்கள். இன்னொன்றில் சொல்லை மீறினார்கள். நியாயமாகப் பார்த்தால் ரஷ்யக் குடும்பத்தைப் பாராட்டி ஆங்கில நண்பர்களைக் குறைசொல்ல வேண்டும். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. டால்ஸ்டாயின் பெயரை எழுதாமல் விட்டதால் எதுவும் தொலைந்துவிடப் போவதில்லை என்பது 1910இல் எல்லாருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கானோர் கால்நடையாகவும் ரயிலிலும் வந்து மண்டியிட்ட இடம் அது. 1821இல் ரோமில் அடக்கத்துக்கு நின்றவர்கள் ஒரு கைப்பிடி. பெயரும் இல்லாமல் காரணமும் எழுதாமல் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போக அந்த நண்பர்களுக்கு மனம் வந்திருக்க முடியுமா? பின்னாளில் இருவரும் அந்த முன்னுரைக்காக வருந்தினார்கள். அவர்கள் சேர்த்த அத்தனை சொற்களிலும் கீட்ஸ் என்ற பெயர் வராமல் பார்த்துக்கொண்டதும் கவனிக்கத்தக்கது. சொல்லை மீறியும் அதன் மையத்தை மீறவில்லை.

அடுத்த தலைமுறைகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. கல்லறைக்கு அருகில் சுவரில் ஒரு முகப்புடைப்பும், வரிகளின் முதலெழுத்துகளைக் கோத்தால் கீட்ஸின் பெயர் வரும்படி ஒரு கவிதையும் பதித்துவிட்டார்கள். 1879இல் இறந்த செவர்னின் உடலைச் சில ஆண்டுகளில் நண்பருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தபோது, அவருடைய கல்லில் கீட்ஸின் பெயர் முழுதாக ஏறியது. இன்று அங்கே வருகிறவர் கீட்ஸின் கல்லறையைக் கண்டுகொள்வது பக்கத்துக் கல்லைப் படித்துத்தான். யாஸ்னயா போல்யானாவில் பக்கத்துக் கல் என்று எதுவுமே இல்லை. இருப்பது அமைதி காக்கச் சொல்லும் அறிவிப்பு ஒன்றுதான். படிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் அந்த வேண்டுகோள் இயல்பாகவே நிறைவேறிவிடுகிறது. ரோமில் நிற்பவருக்கோ வாசிக்க வேலை இருக்கிறது. வாசித்து முடித்ததும், கல் பகைவர் என்று குறிப்பிடும் 200 ஆண்டுக்கு முந்தைய விமர்சகர்கள்மேல் அவருக்குக் கோபமும் வருகிறது.

இடைச்செருகலாக ஒன்று. அதே ரோமானியத் தோட்டத்தில் பெயரில்லாத இன்னொரு புகழ்பெற்ற கல்லறை உண்டு. 1830இல் ரோமில் இறந்த கதேயின் மகனுடையது அது. கதேயின் மகன், தந்தையை முந்திச் சென்றவன் என்று கல் சொல்கிறது. அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. கீட்ஸ் தம் பெயரைத் தாமே விலக்கியவர். இவனுக்கோ தந்தையின் பெயருக்கு முன்னால் இடமே கிடைக்கவில்லை. அங்கே போகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது.

இரண்டு இடங்களுக்கும் பெரிய எழுத்தாளர்கள் வந்துபோயிருக்கிறார்கள். 1877இல் ஆஸ்கர் வைல்டு போப்பாண்டவரைக் கண்டுவிட்டு வந்த அன்றே கீட்ஸின் கல்லறைக்குப் போய்ப் புல்தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ரோமிலேயே புனிதமான இடம் அதுதான் என்று எழுதினார். சுவரில் இருந்த முகப்புடைப்பு அழகற்றது என்று குறைபடவும் செய்தார். 1928இல் டால்ஸ்டாயின் நூற்றாண்டுக்காக ரஷ்யா சென்ற ஸ்டெஃபான் ஸ்வெய்க் அந்தப் பெயரற்ற மேட்டின்முன் நின்று, உலகின் பேரரசர்களுக்கு எழுப்பிய நினைவுச்சின்னங்களையெல்லாம்விட அது மனத்தை அசைப்பதாக எழுதினார். வைல்டு உடலால் வணங்கினார். ஸ்வெய்க் ஒப்பீட்டால் வணங்கினார். வணங்கும் முறை அவரவர் இயல்பைப் பொறுத்தது என்றாலும், இடமும் அதைக் கொஞ்சம் தீர்மானிக்கிறது என்றே நினைக்கிறேன்.

மலர்களை எடுத்துக்கொள்வோம். துலா வட்டாரத்தின் புதுமணத் தம்பதிகள் திருமணக் கோலத்திலேயே டால்ஸ்டாயின் மேட்டுக்கு வந்து மலர் வைப்பது வழக்கம். அந்த அன்பில் குறையில்லை. ஆனால் அது அவர் வேண்டாம் என்று எழுதியது. கீட்ஸோ மலரை விரும்பியவர். அவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கச் செவர்ன் முன்கூட்டியே அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் போய்ப் பார்த்துவந்து, அங்கே மேயும் ஆடுகளையும் வயலட் பூக்களையும் டெய்ஸிப் பூக்களையும் வருணித்தபோது மகிழ்ந்தவர். தம்மேல் பூக்கள் முளைப்பதை இப்போதே உணர்வதாகச் சொன்னவர். மருத்துவர் கிளார்க் டெய்ஸிச் செடிகளோடு புல்தரையை வெட்டியெடுத்துப் புதைகுழிமேல் பதிக்கச் செய்தார். ஆகவே ஒரே பூங்கொத்து ரோமில் விருப்பத்தை நிறைவேற்றுகிறது, காட்டுப் பள்ளத்தருகே விருப்பத்தை மீறுகிறது. வெறுங்கையோடு போவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த நம்மவருக்கு, டால்ஸ்டாயிடம் வெறுங்கையோடு போவதே மரியாதை என்பது சற்றுக் கடினமான பாடம்.

இனி வீடுகள். யாஸ்னயா போல்யானா நிறைந்த வீடு. ரோம் காலியான வீடு. டால்ஸ்டாய் வீட்டில் சுமார் 22,000 நூல்கள் அலமாரிகளில் நிற்கின்றன. கிட்டப்பார்வைக்காரரான அவர் தாளுக்கு நெருங்கி உட்கார வேண்டிக் கால்களைக் குட்டையாக்கிய நாற்காலி மேசைமுன் இருக்கிறது. 1910இல் ஒரு நள்ளிரவில் அவர் விட்டுப்போன நிலையிலேயே அறைகள் பேணப்படுகின்றன. ஸ்பானியச் சதுக்கத்து அறையிலோ கீட்ஸ் தொட்ட மரச்சாமான் ஒன்றுகூட இல்லை. காசநோய் தொற்றும் என்று கருதிய அக்கால ரோமானியச் சட்டப்படி கட்டில் முதற்கொண்டு எல்லாம் எரிக்கப்பட்டன. சுவர்த்தாளையும் உரித்துவிட்டார்கள். இன்று அறையில் கிடப்பது அக்காலத்து வேறொரு கட்டில்.

இந்த எதிர்நிலையை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் அது குலைகிறது. யாஸ்னயா போல்யானாவில் டால்ஸ்டாய் பிறந்த வீடு இல்லை. இளமையில் சூதாட்டக் கடனுக்காக 1854இல் அந்தப் பெரிய வீட்டை அவர் விற்க, வாங்கியவர் அதைப் பிரித்துக் கொண்டுபோய் வேறோர் ஊரில் கட்டிக்கொண்டார். நாம் பார்ப்பது அதன் பக்கக் கட்டடங்களில் ஒன்று, பின்னாளில் விரிவாக்கப்பட்டது. பிறந்த இடத்தைக் காட்ட மரங்களுக்கிடையே ஒரு கல் கிடக்கிறது. ஆனால் அவர் பிறந்த தோல் சோபா வீட்டுக்குள் இருக்கிறது. அவருடைய பிள்ளைகளில் பெரும்பாலோர் பிறந்ததும் அதில்தான். ரோமில் கீட்ஸ் படுத்திருந்த கட்டில் சாம்பலானது. அவர் அண்ணாந்து பார்த்துக் கிடந்த விதானம் அப்படியே இருக்கிறது, நீலப் பின்னணியில் வெள்ளைப் பூக்களோடு. சட்டம் தரையையும் சுவரையும் எட்டியது, கூரையை விட்டுவிட்டது. கீழே சதுக்கத்து நீரூற்றின் ஓசையை எரிக்கவும் யாராலும் முடியவில்லை. ஒரு வீட்டில் பிறந்த சோபா உண்டு, பிறந்த அறை இல்லை. மற்ற வீட்டில் இறந்த அறை உண்டு, இறந்த கட்டில் இல்லை. நிறைந்த வீட்டிலும் நடுவே ஒரு வெற்றிடம். வெறுமையான வீட்டிலும் மெய்யான ஒன்று, தலைக்கு மேலே.

போர் இரண்டு வீடுகளையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொட்டது. 1941 அக்டோபரில் ஜெர்மானியப் படை நெருங்கியதும் யாஸ்னயா போல்யானாவின் பொருள்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டு மாஸ்கோ போய், அங்கிருந்து சைபீரியாவின் தோம்ஸ்க் நகரை அடைந்தன. ஏறக்குறைய ஒன்றரை மாதம் வீடு படைவீரர் வசம் இருந்தது. போகும்போது தீ வைத்துவிட்டுப் போனார்கள், ஊரார் அணைத்தார்கள். அந்த நாள்களில் தங்கள் வீரர்களை டால்ஸ்டாயின் மேட்டுக்கு அருகிலேயே புதைத்திருந்தார்கள். பின்னர் அந்த உடல்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. கீட்ஸ் இறந்த ரோம் வீட்டில் அமைந்த கீட்ஸ்-ஷெல்லி நினைவில்லத்தின் கடிதங்களும் நினைவுப்பொருள்களும் 1942 இறுதியில் அடையாளம் எழுதாத பெட்டிகளில் மோந்தே கசீனோ மடத்துக்கு அனுப்பப்பட்டன. பத்திரமான இடம் என்று கருதித்தான். மடம் போர்முனையாகப் போகிறது என்று தெரிந்ததும் மடத்தின் ஆவணக்காப்பாளரான துறவி, பெட்டிகளைத் தம் சொந்த உடைமை என்று சேர்த்துக்கொண்டு 1943 அக்டோபரில் ரோமுக்குக் கொண்டுவந்தார். 1944 பிப்ரவரியில் மடம் குண்டுவீச்சில் தரைமட்டமானது. அந்தப் பெட்டிகளில் பெயர் எழுதியிருந்தால் அவை தப்பியிருக்குமா என்பது ஐயமே. நூறாண்டுக்கு முன் தம் பெயர் வேண்டாம் என்ற கவிஞரின் பொருள்களை, பெயர் எழுதாத துணிவு காப்பாற்றியிருக்கிறது.

இந்த ஒப்பீட்டில் என்னை அதிகம் பிடித்து நிறுத்துவது வேறு ஓர் உறவு. டால்ஸ்டாய் அந்த ஓடைப்பள்ளத்தை ஏன் தேர்ந்தார் என்பது அவர் வாசகர்கள் அறிந்த கதை. பத்து வயதைத் தாண்டிய அண்ணன் நிக்கோலாய், மனிதர் எல்லாரும் நோயின்றிச் சினமின்றி ஒருவரையொருவர் நேசித்து வாழும் ரகசியத்தை ஒரு பச்சைக் குச்சியில் எழுதி அந்த இடத்தில் புதைத்திருப்பதாகத் தம்பிகளிடம் சொன்னார். ஐந்து வயது லியோ அதை நம்பினார். எழுபதைக் கடந்த பிறகும் அப்படியொரு ரகசியம் உண்டு என்று நம்புவதாக எழுதினார். 1908இல் அடக்க இடத்தைக் குறித்தவர், அதே ஆண்டின் இறுதியில் ஓர் இந்தியருக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் திருக்குறளின் இன்னா செய்யாமைக் குறள்களை எடுத்தாண்டார். காந்தி அக்கடிதத்தைத் தம் இதழில் வெளியிட்டார். குச்சியில் என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு நெருக்கமான எதையோ தேடி அவர் குறள்வரை வந்திருக்கிறார் என்று எண்ணுவது தமிழ் வாசகருக்கு மகிழ்ச்சியான எண்ணம்.

அந்த அண்ணன் எப்படி இறந்தார்? காசநோயால், 1860இல், 37 வயதில். குளிர்நாட்டு நோயாளியைத் தென்கடல் வெயிலுக்கு அனுப்பும் அன்றைய வழக்கப்படி பிரான்சின் இயேர் நகருக்குப் போய், அங்கே தம்பி லியோ பக்கத்தில் இருக்க இறந்தார்; அங்கேயே புதைக்கப்பட்டார். நாற்பதாண்டுக்கு முன் கீட்ஸை ரோமுக்கு அனுப்பியதும் இதே நம்பிக்கை. ஏமாற்றியதும் இதே வெயில். இயேரில் டால்ஸ்டாய் இருந்த இடத்தில் ரோமில் செவர்ன் இருந்தார். அதோடும் முடியவில்லை. கீட்ஸும் ஒரு காலத்தில் அதே இடத்தில் இருந்தவர். 1818 டிசம்பர் 1 அன்று, 19 வயதுத் தம்பி டாம் காசநோயால் இறக்கும்வரை ஹாம்ப்ஸ்டெட்டில் அவரைக் கவனித்தவர் கீட்ஸ். மருத்துவம் படித்தவரானதால், 1820இல் தாம் இருமித் துப்பிய ரத்தத்தின் நிறத்தைக் கண்டதுமே அதன் பொருள் அவருக்குப் புரிந்துவிட்டது. அண்ணனைப் பறிகொடுத்த தம்பி ஒருவர், தம்பியைப் பறிகொடுத்த அண்ணன் ஒருவர். இருவரையும் படிக்கிறவர்கள் வயதையும் நாட்டையும் புகழையும் வைத்து அவர்களைத் துருவங்களாக எண்ணலாம். காசநோயாளியின் படுக்கையருகே அவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு பெயரின்மையும் வேறாகத் தெரிகிறது. கீட்ஸ் தம் பெயரை நீக்கியது தோல்வி உணர்வால், டால்ஸ்டாய் நீக்கியது பணிவால் என்று பிரித்துச் சொல்வது பழகிய விளக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் டால்ஸ்டாய் தேர்ந்த இடம் நிக்கோலாயின் விளையாட்டுக்கு உரிய இடம். பிரெஞ்சு மண்ணில் கிடக்கும் அண்ணனுக்கு யாஸ்னயா போல்யானாவில் இருந்த ஓர் அடையாளம் அந்தக் குச்சி. கீட்ஸின் பெட்டிக்குள்ளும் பிறர் இருக்கிறார்கள்: பிரிக்கத் துணிவின்றி விட்டுவைத்த, காதலி ஃபேனி பிரானின் கடிதம், தங்கை தைத்துத் தந்த பணப்பை. இரண்டு கல்லறைகளும் ஒற்றை மேதைக்குரியவை என்று எண்ணி வருகிறோம். இரண்டிலும் கூட்டாளிகள் உண்டு.

இந்த இருவரும் நம்மைப் போன்ற யாத்திரிகர்களை என்ன நினைத்திருப்பார்கள்? கீட்ஸே ஒரு யாத்திரிகர். 1817இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டில் பெயரெழுதிவிட்டு வந்தார். 1818இல் வேர்ட்ஸ்வொர்த்தின் வீட்டுக்குப் போனபோது அவர் தேர்தல் வேலையாக வெளியே போயிருந்தார். சீட்டு எழுதி வைத்துவிட்டு நடந்தார். அதே கோடையில் அல்லோவேயில் பர்ன்ஸ் பிறந்த குடிசையில் காவலிருந்த முதியவர் குடித்துவிட்டு ஓயாமல் பேச, மனத்தின் உயர்வெல்லாம் போயிற்று என்று நண்பருக்கு எழுதினார். தாம் வணங்கும் கவிஞரின் வீட்டில் யாராவது பேசிக்கொண்டே இருப்பது எத்தகைய துன்பம் என்பதை அறிந்தவர் அவர். டால்ஸ்டாய் எதிர்ப்பக்கத்தில் இருந்தவர். அவர் வீட்டு முன்னால் ஏழைகளின் மரம் என்று ஒரு மரம். உதவியும் அறிவுரையும் தேடி வந்தவர்கள் அதன் கீழே காத்திருப்பார்கள். செகாவும் கோர்க்கியும் இளம் ரில்கேயும் வந்தார்கள். தத்துவம் கேட்டு வந்த சீடர்களை மனைவி சோஃபியா இருண்டவர்கள் என்று குறிப்பிட்டார். வீடு அவர்களால் அவருடையதாக இல்லாமல் போயிருந்தது. இன்று வழிகாட்டியோடு குழுவாக அந்த அறைகளைக் கடக்கிறவர், சோஃபியாவின் வாசலிலும் தாம் அழையாத விருந்தாளி என்பதை நினைத்தால் குரல் தானாகத் தாழும்.

கடைசியாக, யார் பக்கத்தில் யார் என்ற கேள்வி. ரோமில் கீட்ஸுக்கு அருகே, ஒரே வடிவான கல்லின்கீழ், ஓவியத்தட்டு பொறித்த அடையாளத்தோடு செவர்ன் கிடக்கிறார். அவர் சில மாதங்கள் மட்டுமே பணிவிடை செய்தவர்; அந்தச் சில மாதங்களுக்காகவே நினைக்கப்படுகிறார். போரும் அமைதியும் நாவலைப் பலமுறை கையால் படியெடுத்து, 48 ஆண்டுகள் மணவாழ்வு வாழ்ந்து, கணவர் போன பிறகு அந்த அறைகளை அப்படியே காத்த சோஃபியா அந்த மேட்டுக்கு அருகில் இல்லை. 1919இல் இறந்த அவர் கொச்சாகி கிராமத்துத் தேவாலயக் கல்லறையில், டால்ஸ்டாயின் பெற்றோர் கிடக்கும் குடும்ப இடத்தில் இருக்கிறார். பெயர் பொறித்த கல்லறை அது. பள்ளத்தருகே போகிறவர்களில் சிலரே அங்கேயும் போகிறார்கள். யாஸ்னயா போல்யானாவுக்குப் போக வாய்ப்பவர்கள் அரை நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு கொச்சாகிக்கும் போய்வர வேண்டும். பூங்கொத்து வாங்கியிருந்தால் அதை அங்கே வைக்கலாம்.